வளவுக்குள் வரும் காட்டுக்குருவி: யாழ்ப்பாணத்தில் சில ஐப்பசி நாட்கள்

வெள்ளி, யாழ்தேவி ரயிலில்

பறவை பார்க்க யாழ்ப்பாணம் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் பூநாரை என்றுதான் நினைப்பார்கள். பிழையில்லை. மண்டைதீவுப் பக்கம், சரசாலை, தொண்டைமானாறு, அந்தப் பக்கம் சுண்டிக்குளம் என்று குடாநாட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஆழமில்லாத உவர்நீர்தான். சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமாகிவிட்டது. 2015இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. ஆனையிறவை ரயில் கடக்கும்போது பெட்டியில் இருந்த பாதிப்பேர் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். தண்ணீருக்குள் நாரைகள், கொக்குகள், தூரத்தில் உப்பளம். 1990இல் போரால் நின்றுபோன இந்த ரயில் 2014 ஒக்ரோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வரை வந்தது. இன்றைக்கும் ஆனையிறவில் பெட்டிக்குள் பேச்சுச் சத்தம் கொஞ்சம் குறையும்.

நான் போவது பூநாரைக்காக இல்லை. ஆறுமணிக்குருவிக்காக.

எதிரே இருந்த ஐயா கேட்டார்: "அது காட்டுக்குருவி எல்லோ? காடு பாக்கிறதெண்டால் மாங்குளத்தில இறங்கியிருக்கலாமே, பிள்ளை." சரியான கேள்வி. வன்னியில் காடு இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் காடு என்று சொல்லக்கூடியது மிகக் குறைவு. சுண்ணாம்புக்கல், செம்மண், பனை, தோட்டம், வீடு, மதில். ஆனாலும் ஐப்பசி பிறந்தால் கோப்பாயில் பெரியம்மா வீட்டுக் கிணற்றடியில் இந்தக் குருவி நிற்கும். காட்டுப்பறவை ஒன்று காடே இல்லாத ஊரில் ஆறேழு மாதம் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்கத்தான் அலுவலகத்தில் லீவு போட்டேன். காரணத்தை அங்கே சொல்லவில்லை. சொன்னால் லீவு கிடைத்திராது.

பறவையைத் தெரியாதவர்களுக்கு: கொண்டைக்குருவி அளவுதான், ஆனால் உருண்டை உடம்பு, நீளமான பலமான கால், வால் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்கும் அளவுக்குக் குட்டை வால். முதுகு பச்சை. தோளில் பளபளக்கும் நீலம். வயிறு மஞ்சள் கலந்த மண்ணிறம், வாலடியில் நல்ல சிவப்பு. தொண்டை வெள்ளை, கண்ணை ஒட்டித் தடித்த கறுப்புப் பட்டை, உச்சந்தலையில் இன்னொரு கறுப்புக் கோடு. பறந்தால் இறக்கையில் வெள்ளைப் பொட்டு தெரியும். இந்திக்காரர்கள் நவ்ரங் என்று கூப்பிடுவது நியாயம்தான். தமிழ்நாட்டில் தோட்டக்கள்ளன் என்ற பெயரும் உண்டு. சிங்களத்தில் அவிச்சியா. மயில் தன் உடுப்பைத் திருடிக்கொண்டு போய்விட்டதென்று அழுகிறதாம், அதுதான் அதன் கூவல் என்று அலுவலகத் தோழி ஒருத்தி சொன்னாள். இவ்வளவு நிறத்தை உடுத்திக்கொண்டு உடுப்புப் போய்விட்டது என்று அழுகிற பறவையை நான் நம்பத் தயாரில்லை.

லின்னேயஸ் 1766இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது காக்கை இனத்தில் சேர்த்து, குட்டைவால் காகம் என்று பொருள்படும்படி எழுதிவைத்தார். ஐரோப்பாவில் இருந்துகொண்டு படத்தைப் பார்த்துப் பெயர் வைத்தால் இப்படித்தான். இது காகத்துக்குக் கிட்டிய சொந்தமில்லை. பிட்டா என்ற தனிக் குடும்பம். உலகத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள், ஆசியாவின் வெப்பக் காடுகள், ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா என்று பரவிக் கிடக்கின்றன. நாங்கள் இலங்கையில் பார்ப்பது இந்த ஒன்றைத்தான், அதுவும் விருந்தாளியாக.

ஸ்டேஷனில் இறங்கும்போது இருட்டிவிட்டது. ஓட்டோ, கோப்பாய், புட்டு, தூக்கம். பெரியம்மா கந்தசஷ்டி விரதம். தான் சாப்பிடாமல் எனக்கு மூன்று பேருக்கான புட்டை அவித்து வைத்திருந்தா.

சனி, கோப்பாய்

ஐப்பசியில் இங்கே சூரியன் உதிப்பதும் மறைவதும் ஆறு மணியை ஒட்டித்தான். அதனால் இந்தப் பறவைக்கு வைத்த பெயர் மற்ற ஊர்களைவிட இங்கே நன்றாகவே பொருந்துகிறது. காலை ஐந்தே முக்காலுக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கோயில் மணி, பிறகு செண்பகத்தின் 'ஊப், ஊப்', பிறகு பின்பக்கத்திலிருந்து இரண்டு சுரச் சீட்டி. முதல் சுரம் மேலே ஏறும், இரண்டாவது சட்டென்று கீழே விழும். 'வீட்... ட்யூ'. அடுத்த வளவிலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. அதற்கு அப்பால் மூன்றாவது. கொஞ்ச நேரம் தெரு முழுக்க மாறி மாறிக் கேட்டது, அப்புறம் ஒன்றுமில்லை. பகல் முழுக்கப் பெரும்பாலும் வாயைத் திறக்காது. மூடம் போட்ட நாளென்றால் நடுப்பகலிலும் ஒரு தரம் கூப்பிடும்.

"முதல் மழை பெஞ்ச அண்டைக்கே வந்திட்டுது," என்றா பெரியம்மா. "நீதான் பிந்தி வந்திருக்கிறாய்."

வீட்டுக்குப் பின்னால் கிணறு, தொட்டி, அந்தத் தண்ணீர் ஓடிப்போய் நிற்கும் வாழைப்பாத்தி. ஒரு பக்கம் பலா, மறுபக்கம் இரண்டு கறுத்தக் கொழும்பான் மாமரம். எல்லையில் பழைய கிளுவை வேலி. அதன் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சருகு. கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். இந்தப் பறவையைத் தேடித் திரிவதால் ஒரு பயனும் இல்லை. ஓரிடத்தில் அசையாமல் இருந்தால் அதுவாக வரும். நுளம்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வந்தது. முதலில் சருகு அசைந்தது, ஓணான் என்று நினைக்கிற மாதிரி. பிறகு இரண்டு துள்ளல். இது நடக்காது, தத்தித் தத்தித்தான் போகும். நின்று தலையைச் சரித்துப் பார்க்கும். அலகால் ஓர் இலையைக் கவ்வி ஒரு பக்கமாக எறியும், கீழே பார்க்கும், இன்னோர் இலை. வால் மெதுவாக மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு பலா இலையைப் புரட்டியதும் கீழே மண்புழு. இழுத்தது, அது வரவில்லை, காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தது, வந்தது. இரண்டு தரம் நிலத்தில் அடித்துவிட்டு விழுங்கியது. பிறகு ஏதோ வண்டு. பிறகு ஒரு சின்னப் பூரான். அதற்கு மட்டும் கொஞ்சம் கவனம். தூக்கிப்போட்டு, கொத்தி, மறுபடி தூக்கிப்போட்டுச் சாப்பிட்டது.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படத்தில் பார்க்கும்போது இவ்வளவு பளிச்சென்று இருக்கிற குருவி எப்படிக் கண்ணில் படாமல் இருக்கும் என்று தோன்றும். நேரில் பார்த்தால் விளங்கும். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் பச்சை முழுதும் நிழலோடு போய்விடுகிறது. தோளில் உள்ள நீலம் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. வெளிச்சம் சரியான கோணத்தில் பட்டால் மின்னும், படாவிட்டால் சாம்பலாகத் தெரியும். கறுப்புப் பட்டையும் வெள்ளைத் தொண்டையும் சேர்ந்து தலையை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்துக் காட்டுகின்றன. சருகுக்கு நடுவில் இதுதான் தலை என்று கண் பிடிக்க நேரமெடுக்கிறது. திரும்பினால்தான் அந்தச் சிவப்பு தெரியும். திரும்பியது, பார்த்தேன், போதும்.

பெரியம்மா பிளேன்ரீயோடு வந்தா. குருவி வேலிக்குள் போய்விட்டது. போகட்டும்.

யாழ்ப்பாணத்துப் பெண்கள் விடிய எழும்பினால் முதல் வேலை முற்றம் கூட்டுவது. ஈர்க்குமாற்றின் கோடுகள் மணலில் தெரிய வேண்டும். கூட்டிய குப்பை ஒரு மூலையில் குவியும், பின்னேரம் நெருப்பு வைப்பார்கள். பெரியம்மாவும் இந்த வளவு முழுவதையும் அப்படித்தான் கூட்டிக்கொண்டிருந்தவ. சில வருடமாக முழங்கால் நோ. முன்முற்றத்தோடு நிறுத்திவிட்டா. கிணற்றடிக்கு அப்பால் யாரும் கூட்டுவதில்லை. விழுந்த இலை விழுந்தபடி கிடந்து, உக்கி, அடியில் கறுப்பு மண்ணாகி, அதற்குள் புழுவும் பூச்சியும் பெருகிக் கிடக்கிறது.

அதாவது, இந்தக் குருவி தேடுவது மரத்தை மட்டும் இல்லை. மேலே நிழல், கீழே ஈரச் சருகு. இரண்டும் இருந்தால் அதற்கு அதுவே காடு. அரை ஏக்கர் வேண்டாம், இரண்டு பரப்பே போதும் போலிருக்கிறது.

"அப்ப என்ரை முழங்கால் நோவாலதான் உந்தக் குருவி சாப்பிடுது எண்டுறாய்," என்றா பெரியம்மா. மறுக்க முடியவில்லை.

ஞாயிறு, தென்மராட்சி

ஓட்டோத் தம்பி காலை ஐந்து மணிக்கே வந்துவிட்டார். "அக்கா, குருவி பாக்கவோ? வெளிநாட்டுக்காரர்தான் உப்பிடிக் கேக்கிறவை." மட்டுவில் பக்கம் போனோம். கத்தரிக்காய்க்குப் பேர்போன ஊர், பன்றித்தலைச்சி அம்மன் கோயிலும் அங்கேதான். தென்மராட்சியின் பலாவும் மாவும் கோப்பாயில் இருப்பதைவிட அடர்த்தி. சில வளவுகளுக்குள் போனால் காலை எட்டு மணிக்கும் வெளிச்சம் தரைக்கு வருவதில்லை.

இங்கே தெரிந்தவர் ஒருவரின் பலாத்தோட்டத்துக்குள் அரைமணித்தியாலம் இருந்தோம். கொடிக்கால் வாலாட்டி ஒன்று, வாலைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு சருகுக்குள் நடந்தது. அதுவும் வடக்கேயிருந்து வரும் குளிர்கால விருந்தாளிதான். மேலே அரசவால் ஈப்பிடிப்பான். புலுனிக் கூட்டம் ஒன்று எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் போனது. ஆறுமணிக்குருவியின் குரல் மட்டும் ஒரு தரம் கேட்டது.

அங்கே கமெராவோடு இரண்டு பெடியன்கள் முதலே வந்து நின்றார்கள். ஒருவர் தொலைபேசியில் பதிவுசெய்த கூவலைப் போட்டார். ஒரே நிமிடத்தில் குருவி பாய்ந்து வந்து ஒரு தாழ்ந்த கிளையில் இருந்துகொண்டு, தலையைப் பின்னால் எறிந்து கூப்பிட்டது. படம் கிடைத்தது. மறுபடி போட்டார். மறுபடி வந்தது. எனக்கு இது பிடிப்பதில்லை. குளிர்காலத்திலும் இவை தனித்தனியாகத்தான் இருக்கும், ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு துண்டு நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும். தன் இடத்துக்குள் இன்னொருவன் வந்துவிட்டான் என்று நினைத்து, சாப்பிடுகிற நேரத்தில் சண்டைக்கு வந்து நிற்கிறது. தொலைபேசியோடு அதனால் என்ன சண்டை பிடிக்க முடியும்? "தம்பி, ஒருக்காப் படம் எடுத்தாச்சுத்தானே, காணும் விடுங்கோ" என்றேன். நல்ல பிள்ளைகள், நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் கேட்ட கேள்வியால் அதற்குப் பிறகு வெகுநேரம் கதைத்தோம்: "அக்கா, எல்லாம் ஒரே மாதிரியே கூப்பிடுது. குயில், மாங்குயில் எல்லாம் மாத்தி மாத்திப் படிக்குமே?"

ஆறுமணிக்குருவியைப் பாடும் பறவை என்று எழுதுவார்கள். கிளையில் அமரும் பறவைகளின் பெரிய வரிசையில்தான் அதுவும் சேரும். ஆனால் அந்த வரிசைக்குள் இரண்டு பெரும் பிரிவு இருக்கிறது. குண்டுகரிச்சான், வானம்பாடி, தேன்சிட்டு எல்லாம் ஒரு பிரிவு. அவை குஞ்சாக இருக்கும்போதே அப்பனிடமோ பக்கத்து ஆணிடமோ கேட்டு, முதலில் உளறி, பிறகு திருத்திப் பாட்டைக் கற்றுக்கொள்கின்றன. அதற்கென்றே மூளையில் பகுதிகள் உண்டு. மற்றப் பிரிவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தென்னமெரிக்காவில். ஆசியா, ஆபிரிக்காப் பக்கம் அந்தப் பிரிவில் எஞ்சியிருப்பவை பிட்டாக்களும் அவற்றுக்குக் கிட்டிய சில சொந்தங்களும் மட்டுமே. இவற்றின் குரல்பெட்டி எளிமையானது. கூவல் பெரும்பாலும் பிறவியிலேயே வருகிறது. யாரிடமும் படிக்காமலே வளர்ந்த குருவியும் அதே இரண்டு சுரத்தைத்தான் சொல்லும். ஆகவே இமயமலை அடிவாரத்தில் பொரித்ததும் மத்திய இந்தியாவில் பொரித்ததும் கோப்பாய்க்கு வந்தால் ஒரே வசனம் பேசுகின்றன. எங்கள் ஆட்களில் ஊருக்கு ஊர் பேச்சு மாறும்.

வரும் வழியில் சரசாலை நீரேரி. கரையோரம் கண்டல், தண்ணீருக்குள் நிறையப் பறவை. பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தோம். பின்னேரம் மணற்காடு. சவுக்குக் காட்டுக்குள் நடந்தால் பெரிய காட்டுக்குள் வந்தது போலத்தான் இருக்கும். கடல் காற்று சவுக்கில் இரைகிறது. ஆனால் கீழே மணல், அதன் மேல் உலர்ந்த சவுக்கு ஊசி, ஈரமில்லை, புழுவில்லை. குருவியும் இல்லை. மரங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் குடாநாட்டில் இதைத்தான் காடு என்று சொல்ல வேண்டும். மட்டுவில் பலாத்தோட்டத்துக்கு இது கிட்டவும் வராது.

திங்கள், கோப்பாய்

இரவு முழுக்க மழை, இடி. வாடைக்காற்று தொடங்கிவிட்டது. காலை நாலரைக்குப் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் கூப்பிட்டா: "பெரியம்மா, உங்கட கொழும்புப் பிள்ளையை வரச்சொல்லுங்கோ, சாமியறைக்குள்ள குருவி வந்து நிக்குது."

சஷ்டி என்பதால் அந்த வீட்டில் மூன்று மணிக்கே எழும்பி, முன்பக்க விளக்கெல்லாம் போட்டு, கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே வந்த குருவி சுவரில் மோதி, வேல் வைத்திருந்த பீடத்துக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தது. ஆறுமணிக்குருவி. நனைந்து, இறகு உப்பி, ஒரு கண் பாதி மூடி. வீட்டுக்காரருக்கு மயில் வராமல் இது வந்ததில் கொஞ்சம் குறை. அவருடைய மகள் மட்டும், "அப்பா, இதுக்கும் நிறம் இருக்குத்தானே" என்றாள்.

இது புதுச் செய்தி இல்லை. ஐப்பசி மாதத்தில் இந்தியாவின் தெற்கிலும் இங்கேயும் வீட்டுக்குள், கடைக்குள், பள்ளிக்கூட விறாந்தையில் களைத்துப்போன ஆறுமணிக்குருவி கிடப்பதை ஆட்கள் கண்டுகொண்டே வருகிறார்கள். பகலில் தரையைவிட்டு அதிகம் எழும்பாத இந்தப் பறவை, வலசையை இரவில்தான் போகும். இரவில் பறக்கும் பறவைகள் விண்மீன்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் கொண்டு திசை பிடிக்கின்றன. மேகம் மூடி மழை பெய்யும் இரவில் கீழேயிருந்து வரும் மின்விளக்கு அவற்றைக் குழப்பிவிடும். தாழ இறங்கும், வெளிச்சத்துக்குள் வரும், கண்ணாடியிலோ சுவரிலோ மோதும்.

சப்பாத்துப் பெட்டி ஒன்றில் துளை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, குருவியை இரண்டு கையாலும் மெதுவாக எடுத்து வைத்து மூடினேன். கையில் பாரமே இல்லை. வளர்ந்த பறவையே ஐம்பது, அறுபது கிராம்தான். மகள் அலகைத் திறந்து தண்ணீர் விடவா என்று கேட்டாள். கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறும் வேண்டாம், பாலும் வேண்டாம். இருட்டு, சத்தமில்லாத இடம், பூனை வராத அறை, இவ்வளவுதான் அதற்கு மருந்து. அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது. இதுதான் வீட்டுக்காரருக்குக் கஷ்டமாக இருந்தது. கால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பெட்டியைச் சுற்றி நடந்தார்.

காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைக்கு அதன் ஊரைச் சொன்னேன். பாகிஸ்தானின் வடக்கு மலையடிவாரத்திலிருந்து நேபாளம் வரை இமயத்தின் கீழ்ச்சரிவுக் காடுகள், மத்திய இந்தியாவின் குன்றுகள், மேற்குத் தொடர்ச்சி மலையில் கர்நாடகம் வரை, இவைதான் இது கூடு கட்டும் இடங்கள். தென்மேல் பருவமழை விழுந்த பிறகு, ஆனி முதல் ஆவணிக்குள், தரையிலோ தாழ்ந்த கிளையிலோ காய்ந்த இலையும் புல்லும் வைத்து உருண்டையாக ஒரு கூடு, பக்கத்தில் வாசல். பளபளப்பான வெள்ளை முட்டை நாலைந்து, அதில் கருஞ்சிவப்புப் புள்ளி. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒரே மாதிரி. அங்கே மழை ஓய்ந்து தரை காய்கிற நேரத்தில் தெற்கே புறப்படும். இங்கே வாடைமழை தொடங்கி, ஆறேழு மாதமாகக் காய்ந்து கிடந்த செம்மண் இளகுகிற நேரத்தில் வந்து சேரும். யாழ்ப்பாணத்துக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். அலகால் சருகைப் புரட்டி ஈர மண்ணில் இரை தேடுகிற பறவைக்கு இந்தக் கணக்கு முக்கியம். இரண்டு தேசங்களின் மழைகளை மாறி மாறிச் சாப்பிடுகிறது என்று சொல்லலாம்.

"கடலை எப்பிடித் தாண்டும்?" என்றாள். கோடிக்கரையிலிருந்து காங்கேசன்துறைக்கு நேர்கோட்டில் கிட்டத்தட்ட ஐம்பத்தைந்து கிலோமீற்றர். எந்த வழியால் வந்தாலும் கடைசித் துண்டு தண்ணீர்தான், தண்ணீரில் இறங்கி இளைப்பாற முடியாது. கோடிக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போட்டு விடுகிற வேலை பல வருடங்களாக நடக்கிறது. வளையம் போட்ட பறவையை எங்காவது கண்டால் எண்ணைக் குறித்து அறிவிக்க வேண்டும். எங்கள் குருவியின் காலைப் பார்த்தேன், வளையம் இல்லை.

பின்னேரம் நாலு மணிக்குப் பெட்டிக்குள் தடதடவென்று சத்தம். வேலியோரம் கொண்டுபோய்ப் பெட்டியைச் சரித்துத் திறந்தோம். தலையை நீட்டியது, எல்லோரையும் பார்த்தது, ஒரே எழும்பல், ஆடாதோடைக்குள் போய்விட்டது. பெட்டிக்குள் ஓர் எச்சம் மட்டும் விட்டிருந்தது. அதைக்கூட மகள் படம் எடுத்தாள்.

செவ்வாய், மாவிட்டபுரம், கீரிமலை

இன்றைக்கு இரவு ரயில். பகலில் வலிகாமம் வடக்கு.

இந்தப் பக்கத்துச் சனம் போரால் 1990இல் இடம்பெயர்ந்தது. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்த காணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். இன்னும் முழுதாக விடவில்லை. மாவிட்டபுரத்திலிருந்து கீரிமலைக்குப் போகும் உள்வீதிகளில் கூரையில்லாத வீடுகள், சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்த ஆலும் அரசும், வளவு முழுக்க வடலி, நாயுண்ணி, இப்பிலிப்பில், விளா. ஓட்டோத் தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார்: "அக்கா, தார் றோட்டை விட்டு இறங்காதேங்கோ. கண்ணிவெடி எடுத்ததெண்டு சொன்னாலும் இறங்காதேங்கோ."

றோட்டில் நின்றபடியே கேட்டேன். காலை ஏழரைக்கு, அந்த மூடமான வெளிச்சத்தில், ஒரே வீதியில் நாலைந்து பக்கத்திலிருந்து ஆறுமணிக்குருவி கூப்பிட்டது. கோப்பாயிலும் மட்டுவிலிலும் இவ்வளவு கேட்கவில்லை. முப்பது வருடம் யாரும் கூட்டாத, யாரும் எரிக்காத, தோட்டத்துக்குக் குழை வெட்டாத நிலம். இதைப் பார்த்துச் சந்தோசப்பட எனக்குத் தெரியவில்லை. எங்கள் அம்மாவின் அக்கா ஒருவ இந்தப் பக்கம்தான் கலியாணம் கட்டி வந்தவ. கடைசிவரை திரும்பி வராமலே செத்துப்போனா. குருவிக்காக இந்த வளவுகளைப் பற்றையாகவே விடுங்கள் என்று இந்த வீதியில் நின்று சொல்ல யாருக்கும் வாய் வராது, வரவும் கூடாது.

கொஞ்சத் தூரம் தள்ளி ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது. பிரான்ஸிலிருந்து வந்திருந்த ஐயா ஒருவர் குடையோடு நின்று துப்புரவாக்குவித்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்த வீடு. முன்சுவர் மட்டும் நிற்கிறது. என்னைக் கண்டதும் காணி அலுவலகம் என்று நினைத்துவிட்டார் போல. குருவி என்றதும் முகம் மாறியது.

"ஆறுமணிக்குருவியோ? அது சின்னனில எங்கட மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால நிக்கும். அது கூப்பிட்டால் அம்மா விளக்கேத்தச் சொல்லுவா." வளவைக் காட்டினார். முன்பக்கம் முழுக்கச் செம்மண்ணாகக் கிடந்தது. வீடு சின்னதாகக் கட்டி, முற்றத்துக்கு இன்ரலொக் கல் பதிக்கிற யோசனையாம். சுற்றிவர மதில். வேலி அடைக்க இப்போது ஆள் இல்லை, ஓலையும் விலை.

கல் பதிப்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, சொன்னேன். மழைத் தண்ணீர் நிலத்துக்குள் போகாது, இந்த ஊரில் கிணறு ஊறுவதே அந்தத் தண்ணீரால்தான். அது அவருக்குப் பட்டது. கிணற்றை எட்டிப் பார்த்தார். சருகைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். "பிள்ளை, பின்வளவைச் சும்மா விடு எண்டுறியள். பாம்பு வருமெண்டு மனிசி கத்துவா." நியாயமான பயம். வீட்டைச் சுற்றி வெளிச்சமாக வைத்துக்கொண்டு, கோடிப்பக்கத்து மூலையில் மாமரத்தடியை மட்டும் கூட்டாமல் விடலாம் என்றேன். கோப்பாயில் பெரியம்மா வீட்டில் அப்படித்தான் இருக்கிறது, இதுவரை வந்த பாம்பு ஒரு சாரை மட்டும், அதுவும் எலிக்கு வந்தது.

ஜேசிபிக்காரர் இறங்கி வந்து, "ஐயா, பின்பக்கமும் அடிக்கிறதோ?" என்று கேட்டார். ஐயா நேரத்தைப் பார்த்தார், மனதுக்குள் மணித்தியாலக் காசைக் கணக்குப் பார்த்தார்.

"இப்போதைக்கு மாமரம் மட்டும் நிப்பாட்டு, தம்பி. மிச்சத்தை வாற வருசம் பாப்பம்." பிறகு என் பக்கம் திரும்பி, "குருவிக்காகவெண்டு நினைக்காதேங்கோ. காசு முடிஞ்சுது" என்றார்.